பிக்கப்பை உயர்த்துதல்: வீட்டு வாசலில் ஒரு சஸ்பென்ஷன் வேலை

புணே பக்கம் கசார்வாடியில் நாசிக் ஃபாட்டா அருகே அரை மணி நேரம் நின்று பாருங்கள். போசரி எம்ஐடிசிக்குச் சாமான் ஏற்றிப் போகும் பொலேரோ பிக்கப்கள் பின்பக்கம் தணிந்து, மூக்கை வானத்துக்குக் காட்டிக்கொண்டு போகும். சனிக்கிழமை காலை என்றால் லோணாவளா, முல்ஷி மலைப் பக்கம் கிளம்பும் இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளையும் பார்க்கலாம். சரக்கு வண்டிக்காரரும் மலைப்பாதைக்காரரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "வண்டியை ரெண்டு இன்ச் தூக்கணும். வீட்லயே செய்யலாமா?"

பெரும்பகுதியைச் செய்யலாம். ஒரு துணை ஆளும் ஒழுங்கான ஜாக்கியும் இரண்டு முழு நாளும் இருந்தால் போதும். ஆனால் இரண்டு வேலைகளை வீட்டில் செய்யவே கூடாது. ஒன்று, சுருள் ஸ்பிரிங்கை அமுக்குவது. இன்னொன்று, வீல் அலைன்மென்ட்.

முதலில் டேப்பை எடுங்கள், பானாவை அல்ல

உயர்த்த வேண்டும் என்று வருகிற வண்டிகளில் பலவற்றுக்குத் தேவை உயர்த்துவது அல்ல, இழந்த உயரத்தை மீட்பது. ஐந்தாறு வருடம் பாரம் சுமந்த கமான் பட்டை வளைவை இழந்து தட்டையாகிவிடும். அப்படிப்பட்ட வண்டிக்குப் புதுப் பட்டை போட்டாலே போன உயரம் திரும்ப வந்துவிடும்.

அளக்கும் முறை: சமதரையில் பாரமில்லாமல் நிறுத்துங்கள். நான்கு டயரிலும் காற்றைச் சரிசெய்யுங்கள். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து அதற்கு நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, நான்கு சக்கரத்துக்கும் குறித்துவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் காற்றழுத்தமும் கணக்கைக் கெடுத்துவிடும். அதே மாடலில் அதிகம் ஓடாத வண்டி தெரிந்தவரிடம் இருந்தால் அதையும் அளந்து ஒப்பிடுங்கள்.

பிறகு வண்டிக்கு அடியில் பாருங்கள். பாரமில்லாதபோதே பட்டை நேர்கோடாக இருக்கிறதா, எதிர்ப்பக்கம் வளைந்திருக்கிறதா, எந்தப் பட்டையாவது விரிசல் விட்டிருக்கிறதா, ஷேக்கிள் புஷ் பிதுங்கியிருக்கிறதா? ஒன்றுக்கு 'ஆம்' என்றாலும் முதல் செலவு அங்கேதான். சோர்ந்த பட்டைக்கு அடியில் இரும்புக் கட்டை வைத்து உயர்த்துவது தவறு. உயரம் வரும், தாங்கும் சக்தி வராது. பட்டை இன்னும் சீக்கிரம் முறியும்.

இங்கே நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் 'கமானி' என்று கேட்டால் பட்டை வேலை செய்பவரைக் காட்டுவார்கள். பழைய பட்டையைச் சூடாக்கி அடித்து வளைவு ஏற்றித் தருவதாகவும் சொல்வார்கள். அதை நான் ஒப்புக்கொள்வதில்லை. சரியான வெப்பப் பதம் கொடுக்காத பட்டை மறுபடி தணியும், அல்லது பாரத்தில் உடையும். புதிய செட் வாங்குங்கள்.

சட்டம்: படிக்காமல் தாண்டாதீர்கள்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை அழுத்தமாக உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தச் சட்டத்தின் 182ஏ(4) பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் செய்த உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். கடையில் 'லிஃப்ட் கிட்' விற்கிறார்கள் என்பது அனுமதி ஆகாது. விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பதும் இந்த மாற்றத்தைத்தான்.

வண்டிகளைச் சோதித்துச் சான்று வழங்கும் சிஐஆர்டி நிறுவனம் கசார்வாடிக்குப் பக்கத்திலேயே போசரியில் இருக்கிறது. இதே வேலை செய்யும் ஏஆர்ஏஐ புணேயின் கோத்ரூடில் இருக்கிறது. இப்படிப்பட்ட நிறுவனங்கள் பிரேக்கையும் விளக்கையும் சோதித்துச் சான்று கொடுப்பது, தயாரிப்பாளர் குறித்த உயரத்தில் நிற்கும் வண்டிக்குத்தான்.

ஆகவே இந்த அத்தியாயத்தில் என் நிலை இது. சாலையில் ஓடும் வண்டிக்கு, தயாரிப்பாளர் குறித்த அதே வகை ஸ்பிரிங்கும் பட்டையும் போட்டுப் பழைய உயரத்தை மீட்டுக்கொள்ளுங்கள். அதற்கு மேல் உயர்த்தும் கட்டையும் ஸ்பேசரும், டிரெய்லரில் ஏற்றிப்போய்ப் போட்டித் தளத்திலோ சொந்த நிலத்திலோ மட்டும் ஓட்டும் வண்டிக்கு. கழற்றி மாட்டும் வரிசை இரண்டுக்கும் ஒன்றுதான். வேறுபடும் இடங்களைச் சொல்லிக்கொண்டே போகிறேன்.

இடம்

வி-கிராஸ் ஏறக்குறைய 5.3 மீட்டர் நீளம். பல சொசைட்டிகளில் பார்க்கிங் கட்டம் 5 மீட்டர்தான். முன்னும் பின்னும் ஆள் நடமாட இடம் வேண்டும் என்பதால் முதலில் செயலாளரிடம் பேசி, ஓர் ஓரக் கட்டத்தை இரண்டு நாளுக்குக் கேட்டு வாங்குங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை திறந்த வெளியில் இந்த வேலை வேண்டாம். புணே மழை சொல்லிக்கொண்டு வராது, ஈரத் தரையில் ஜாக்கி வழுக்கும்.

தரை கான்கிரீட்டாக இருப்பது நல்லது. பேவர் கல் பதித்த தரை கண்ணுக்குக் கெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே மணல்தான். நான் முதன்முதலாக இந்த வேலையைச் செய்தது மழை விட்ட மறுவாரம், பேவர் தரையில். மதியத்துக்குள் ஸ்டாண்டின் ஒரு கால் விரல் அகலம் இறங்கியிருந்தது. நான் அப்போது வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்திருந்தேன். கழற்றிய சக்கரத்தைச் சேஸிக்குக் கீழே படுக்கவைத்திருந்ததால் மனசைத் தேற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொரு ஸ்டாண்டுக்கும் அடியில் ஓர் இரும்புத் தகடு வைக்கிறேன். போசரியின் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். 10 மி.மீ. கனத்தில், 30 சென்டிமீட்டர் சதுரமாகக் கேளுங்கள். ஒன்று ஏறக்குறைய 7 கிலோ இருக்கும்.

கருவிகள்

வண்டியோடு வந்த ஸ்க்ரூ ஜாக்கி டயர் மாற்ற மட்டும். இந்த வேலைக்கு 3 டன் ட்ராலி ஜாக்கி, 3 டன் தாங்கும் ஸ்டாண்டு ஒரு ஜோடி, டயருக்கு முன்னும் பின்னும் வைக்க நான்கு மரக்கட்டை, சாக்கெட் செட், நீளமான பிரேக்கர் பார், இரண்டு சி-கிளாம்ப், சுத்தியல், கம்பித் துடைப்பம், கட்டுக்கம்பி, துரு இளக்கும் ஸ்ப்ரே, கண்ணாடி, கையுறை வேண்டும். இவை எல்லாம் இருந்து டார்க் ரெஞ்ச் மட்டும் இல்லையென்றால் வேலையைத் தொடங்காதீர்கள். எந்த போல்ட்டுக்கு எவ்வளவு இறுக்கம் என்பது உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கங்களை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். கைக்கணக்கு இங்கே செல்லாது.

புதிய யூ போல்ட், புதிய லாக் நட், புதிய காட்டர் பின் ஆகியவற்றையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். யூ போல்ட் ஒருமுறை இழுபட்டு இறுகிய பொருள். கழற்றியதை மறுபடி போடக் கூடாது.

குறிப்பு: முந்தின நாள் இரவே எல்லா நட்டிலும் கம்பித் துடைப்பம் போட்டு, துரு இளக்கி அடித்துவிடுங்கள். காலையில் மறுபடி ஒருமுறை அடியுங்கள். இந்தப் பத்து நிமிடம் மறுநாள் மூன்று மணி நேரத்தைக் காப்பாற்றும்.

இன்னொரு முன்வேலை: மாலையில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, லோ பீம் வெளிச்சத்தின் மேல்விளிம்பைச் சுவரில் சாக்பீஸால் கோடிடுங்கள். டயர் நின்ற இடத்தையும் தரையில் குறியுங்கள். கடைசியில் உதவும்.

பின்பக்கம்

பின்பக்கத்தை முதலில் செய்யுங்கள். எளிது, கையும் பழகும். தொடங்குமுன் ஒரு விஷயம் மனதில் பதியட்டும்: ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரங்களை. டூ-வீல் டிரைவில் கியர் பிடிப்பதும் பின்சக்கரங்களையே. பின்பக்கத்தைத் தூக்கியதும் அந்த இரண்டு பிடியும் போய்விடும். வண்டியை நிறுத்திவைப்பது முன்டயருக்கு வைத்த கட்டைகள் மட்டுமே.

1. முன்டயர் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஃபோர்-வீல் டிரைவ் வண்டியென்றால் ஃபோர்-ஹையில் போட்டு, கியரில் நிறுத்துங்கள்.

2. பின்சக்கர நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே ஒரு சுற்று தளர்த்துங்கள்.

3. ஆக்சிலுக்கு அடியில் ஜாக்கி கொடுத்துத் தூக்குங்கள். பட்டையின் முன்முனை மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், சேஸிக்கு அடியில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு வையுங்கள். மெல்ல இறக்கி, சேஸி ஸ்டாண்டில் உட்காரட்டும். ஜாக்கியை எடுக்காதீர்கள், அது ஆக்சிலைத் தாங்கிக்கொண்டே இருக்கட்டும்.

4. வண்டியை இரண்டு கையாலும் பக்கவாட்டில் பலமாக ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் நீங்கள் வெளியே நிற்கும்போதே விழட்டும். ஆடவில்லையென்றால் சக்கரங்களைக் கழற்றிச் சேஸிக்கு அடியில் படுக்கவையுங்கள்.

5. ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கம். இரண்டு பக்க யூ போல்ட்டையும் ஒரே நேரத்தில் கழற்றினால் ஆக்சில் ஜாக்கி மேல் உருண்டு திரும்பும். பிறகு அதை இடத்துக்குக் கொண்டுவருவது ஒரு நாள் வேலை.

6. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றுங்கள். பிறகு யூ போல்ட் நட்டுகள் நான்கும். துருப்பிடித்து அசையாவிட்டால் வெட்டிவிடலாம், எப்படியும் புதிதுதான் போடப்போகிறோம். ஆனால் கிரைண்டர் பொறி டீசல் டேங்க், பிரேக் குழாய் பக்கம் பறக்கக் கூடாது. ஈரச் சாக்கால் மூடி, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு வெட்டுங்கள்.

7. ஜாக்கியை மெல்ல இறக்கி ஆக்சிலைப் பட்டையிலிருந்து பிரியுங்கள். துணை ஆள் பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கட்டும். அவை விறைக்கத் தொடங்கினால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

8. முழு செட் மாற்றுவதென்றால் முன்கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் எடுத்து, பட்டையைத் துணையோடு இறக்குங்கள். கனம் அதிகம், தனி ஆளாக முயலாதீர்கள். ஒரு பட்டை மட்டும் சேர்ப்பதென்றால், சென்டர் போல்ட்டின் இருபுறமும் சி-கிளாம்ப் போட்டு இறுக்கிய பிறகே அந்த போல்ட்டைத் தொடுங்கள். அழுந்தியிருக்கும் பட்டைகள் விடுபட்டால் விரல் போகும்.

9. புதுப் பட்டையை மாட்டி, கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் கையால் முடுக்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். கடைசி இறுக்கம் இப்போது இல்லை.

10. ஆக்சிலை மேலே ஏற்றும்போது சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் மேடையின் துளைக்குள் சரியாக உட்கார்ந்ததா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பில் நின்றால் யூ போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஒரு நாள் ஆக்சில் நகரும்.

11. யூ போல்ட் நட்டுகளைக் குறுக்கு வரிசையில், மூன்று தவணையாக, கையேட்டு அளவு வரை இறுக்குங்கள். நான்கு நுனியிலும் வெளியே தெரியும் மரை ஒரே நீளம் இருக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் இதே வரிசையில் முடியுங்கள். சக்கரங்களை மாட்டி வண்டியை இறக்குங்கள். பிக்கப் பெட்டியில் ஒருவரை ஏறி நாலைந்து முறை குதிக்கச் சொல்லுங்கள், பட்டை தன் இடத்தில் படியும். வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும் இந்த நிலையில்தான் கண் போல்ட்டையும் ஷேக்கிள் போல்ட்டையும் முழு அளவுக்கு இறுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொண்டு, சில மாதத்தில் கிழிந்துவிடும். வீட்டு வேலையில் நான் அதிகம் பார்த்த தவறு இதுதான். வண்டியில் 'கிறீச்' சத்தம் வந்த பிறகே தெரியும்.

போட்டி வண்டிக்கு உயர்த்துவோர் கணக்கில் கொள்ள: ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே வைக்கும் கட்டை தன் கனத்தை அப்படியே உயரமாகத் தரும். நீளமான ஷேக்கிள், கூடிய நீளத்தில் பாதியைத்தான் தரும். 50 மி.மீ. நீளம் கூட்டினால் சுமார் 25 மி.மீ. உயரம். கட்டை மேல் கட்டை ஒருபோதும் வைக்கக் கூடாது. சில பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு மெல்லிய கம்பி பிரேக் வால்வுக்குப் போகும். பாரம் ஏறி வண்டி தணிந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவது அதன் வேலை. வண்டியை உயர்த்தினால் அந்த வால்வு பெட்டி காலி என்று எண்ணிப் பின்பிரேக்கைக் குறைத்துவிடும். கம்பியின் தாங்கியையும் அதே அளவு சரிசெய்தாக வேண்டும். கிட் பெட்டியில் வரும் தாளில் இது பெரும்பாலும் இருக்காது.

முன்பக்கம்

வி-கிராஸ், ஹைலக்ஸ் இரண்டிலும் முன்னால் இரட்டை விஷ்போன், நடுவே சுருள் ஸ்பிரிங் சுற்றிய ஸ்ட்ரட். அந்த ஸ்ட்ரட்டின் உச்சியில் மூன்று நட் வட்டமாக இருக்கும், நடுவில் ஒன்று தனியாக இருக்கும். நடு நட்டைத் தொடாதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அந்த ஒரு நட்தான். அதைக் கழற்றினால் ஸ்பிரிங் உங்கள் முகத்தைத் தேடி வரும். உயிர் போகும் வேலை.

1. பின்டயர்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக் போட்டு, முன்பக்கத்தைச் சேஸியில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். ஆட்டிப் பார்த்துச் சக்கரங்களைக் கழற்றுங்கள்.

2. ஸ்டெபிலைசர் லிங்கை இரண்டு பக்கமும் விடுவியுங்கள். ஒரு பக்கம் மட்டும் கழற்றினால் அந்தக் கம்பி கீழ் விஷ்போனை இழுத்துக்கொண்டே இருக்கும்.

3. கீழ் விஷ்போனுக்கு அடியில் ஜாக்கி கொடுங்கள். பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் வயர் தாங்கிகளைக் கழற்றித் தளர்த்துங்கள்.

4. மேல் பால் ஜாயின்ட்டின் காட்டர் பின்னை எடுத்து, நட்டைக் கடைசி மரை வரை தளர்த்துங்கள். முழுவதும் எடுக்காதீர்கள். நக்கிளின் பக்கவாட்டில் சுத்தியலால் இரண்டு அடி அடித்தால் பிடி விடும். மரை மேல் அடிக்கக் கூடாது.

5. நட்டை எடுத்ததும் நக்கிளைக் கட்டுக்கம்பியால் சேஸியோடு கட்டுங்கள். அது வெளியே சாய்ந்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் மூட்டு கழன்றுவிடும். பிரேக் ஹோஸில் எடை தொங்கவும் கூடாது.

6. ஸ்ட்ரட்டின் கீழ் போல்ட், பிறகு மேலே மூன்று நட். ஜாக்கியை மெல்ல இறக்கி ஸ்ட்ரட்டை வெளியே எடுங்கள்.

ஸ்பிரிங் மாற்ற வேண்டுமென்றால் இந்த நிலையிலேயே ஸ்ட்ரட்டைத் தூக்கிக்கொண்டு, சுவரில் பொருத்திய ஸ்பிரிங் பிரஸ் உள்ள பட்டறைக்குப் போங்கள். இரண்டு கொக்கியும் நீளத் திருகும் கொண்ட கைக் கம்ப்ரஸரை நம்பாதீர்கள். பிக்கப் ஸ்பிரிங்கில் அது வழுக்குவதைப் பார்த்திருக்கிறேன்.

போட்டி வண்டிக்கு உச்சியில் ஸ்பேசர் வைப்பதென்றால் பிரஸ் தேவையில்லை. ஆனால் கணக்குத் தேவை. ஸ்ட்ரட் விஷ்போனின் நடுப்பகுதியில் நிற்பதால், ஸ்பேசரின் கனத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்கரத்தில் உயரம் மாறும். 25 மி.மீ. ஸ்பேசர் 50 மி.மீ. பக்கம் தூக்கும். 'ரெண்டு இன்ச் வேணும்' என்று 50 மி.மீ. ஸ்பேசர் வாங்கியவர் வண்டியை நாலு அங்குலம் தூக்கி, டிரைவ் ஷாஃப்ட் மூட்டின் ரப்பர் உறையைக் கிழித்துக்கொள்வார். 50 மி.மீ. உயரத்துக்கு மேல் வீட்டில் போகாதீர்கள்.

மாட்டுவது கழற்றியதற்கு நேர் எதிர் வரிசை. விஷ்போன் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தியிருந்தால், பின்பக்கம் போலவே எடை சக்கரத்தில் வந்த பிறகு இறுக்குங்கள். காட்டர் பின் புதிது போட்டீர்களா என்று துணை ஆளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இறக்கிய பிறகு

ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, டயர் எங்கும் உரசவில்லை, ஹோஸ் எதுவும் விறைக்கவில்லை என்று பாருங்கள். நான்கு சக்கர உயரத்தையும் மறுபடி அளந்து பழைய கணக்கின் பக்கத்தில் எழுதுங்கள். பாரமில்லாத பிக்கப்பின் பின்பக்கம் சற்று உயர்ந்திருப்பது இயல்பு. பார்வைக்காக முன்பக்கத்தை மட்டும் தூக்கிச் சமமாக்கினால், பாரம் ஏறியதும் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

முந்தின நாள் குறித்த அதே இடத்தில் நிறுத்தி, சாக்பீஸ் கோட்டோடு வெளிச்சத்தை ஒப்பிடுங்கள். 5 மீட்டர் தூரத்தில் லோ பீம் விளிம்பு விளக்கு மையத்தின் உயரத்தைவிட சுமார் 5 சென்டிமீட்டர் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் விளக்குக்குப் பின்னுள்ள திருகால் இறக்குங்கள். உங்கள் கட்டடத்தில் கீழ்த்தளப் பார்க்கிங் என்றால், மேலே கேரியர் உள்ள வண்டி உத்தரத்துக்குக் கீழே நுழைகிறதா என்றும் அளந்துகொள்ளுங்கள்.

முதல் ஓட்டம் சொசைட்டிக்குள்ளேயே, நடக்கும் வேகத்தில். பிரேக் மிதியை இரண்டு மூன்று முறை அழுத்திப் பார்த்த பிறகே கேட்டைத் தாண்டுங்கள். பிறகு நேராக அலைன்மென்ட் கடைக்கு, 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல். கேம்பர், காஸ்டர், டோ மூன்றின் அச்சுத்தாளையும் கேட்டு வாங்குங்கள். டோ மட்டும் சரிசெய்து அனுப்பும் கடையென்றால் வேறு கடைக்குப் போங்கள். வண்டி கிளம்பும்போது அடியில் அதிர்வு வந்தால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறியிருக்கிறது என்று பொருள். பழகிவிடும் என்று ஓட்டாமல் அதன் நடு பேரிங்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. புதுப் பட்டையும் புது யூ போல்ட்டும் முதல் ஓட்டத்தில் படியும்போது நட்டு தளரும். 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500 கிலோமீட்டரில் ஒருமுறை, எல்லா யூ போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் சோதித்து இறுக்குங்கள். இன்றைய ஓடோமீட்டர் கணக்கை ஒரு தாளில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டுங்கள். இரண்டாவது சோதனை முடியும்வரை அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள், பாரமும் ஏற்றாதீர்கள்.